மாலைதீவு போகாத தொப்பி

ஈஸ்ட் ஹாம்,
இலண்டன்.
வியாழன், 19.3.1992

அன்புள்ள செல்வரத்தினம் அண்ணைக்கு,

எங்கள் மாலைதீவுப் பயணத்தைக் கெடுத்தது நீங்கள்.

இதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். முறை தலைகீழாகப் போய்விட்டது என்று அண்ணி சொல்லுவா, சொல்லட்டும். இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். அங்கே சட்டனில் நீங்களும், அண்ணியும், அண்ணியின் முழங்காலும், முன்னறைக்குப் புதிதாகப் போட்ட கிறீம் நிறக் கம்பளமும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி விஷயம். தவநாயகி வேலை செய்யும் சான்ட்விச் தொழிற்சாலையில் டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு ஒரு சீட்டுக் குலுக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் கந்தோரில் மேசை வேலை செய்கிற ஒருவருக்கே விழுகிற முதல் பரிசு இந்த முறை தவறிப்போய், முட்டை சான்ட்விச் அடுக்குகிற தவநாயகிக்கு விழுந்தது. மாலைதீவில் ஏழு நாள், இரண்டு பேருக்கு. பிள்ளைகளுக்கு இடமில்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அவளுடைய சூப்பர்வைசர் கையைப் பிடித்துக் குலுக்கி, "தீவு என்றால் சொர்க்கம் தெரியுமா, உனக்கு அதெல்லாம் புதிதாக இருக்கும்" என்றாளாம். ஒரு தீவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவளுக்கு அவள் தீவைப் பற்றி வகுப்பெடுத்தாள். தவநாயகி தாங்ஸ் சொல்லிவிட்டு முட்டைக்குத் திரும்பிப் போனாள். நானாக இருந்தால் முட்டையை எறிந்திருப்பேன்.

ஆனால் அண்ணை, அந்த "பிள்ளைகளுக்கு இடமில்லை" என்ற வரியை நாங்கள் இருவரும் எத்தனை தரம் வாசித்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளில் பாசம் இல்லாமல் இல்லை. அவளுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிப்ட், எனக்குப் பெற்றோல் நிலையத்தில் மூன்றிலிருந்து ஷிப்ட். நாங்கள் குடும்பம் நடத்துவது பஸ் தரிப்பில். இரண்டு இருபதுக்கு அவள் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்குவாள், நான் சின்னவனை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். "மூக்கு ஓடுது, மருந்து பிரிட்ஜில." "குழாய் திருத்தக் கவுன்சில்காரன் வந்தவனே?" "வரேல்லை." கதவு சாத்திவிடும். நான் வேலை முடிந்து வரும்போது அவள் நித்திரை, அவள் எழும்பும்போது நான் நித்திரை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஓய்வு என்றால் யாராவது வீட்டில் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு. போன மாதம் மூத்தவளின் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படமாகக் கீறச் சொன்னார்களாம். அவள் இரண்டு பஸ் கீறி, ஒன்றில் அம்மாவையும் மற்றதில் அப்பாவையும் இருத்தி, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் ஓட விட்டிருந்தாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, தலையைச் சாய்த்து, மெல்லிய குரலில், "நீங்கள் இருவரும் பிரிந்து வாழ்கிறீர்களா?" என்று கேட்டா. "இல்லை, ஷிப்டில் வாழ்கிறோம்" என்றேன். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டா.

தவநாயகி கடைத்தெருவில் ஒரு ஓலைத் தொப்பி வாங்கினாள். அகலமான விளிம்பு, நீல ரிப்பன். அதைப் போட்டுக்கொண்டு குசினியில் வெங்காயம் வெட்டினாள். "ஏன் இப்பவே போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன். "தலை பழகோணும்" என்றாள். பிறகு, "எனக்குக் கடல் வேண்டாம். ஒருக்கா நீங்கள் சாப்பிடேக்க நான் எதிரில இருந்து பாக்கோணும். அவ்வளவுதான்" என்றாள். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

இந்த நிலைமையில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். உங்கள் வீட்டுக்கு வந்து டிக்கெட்டைக் காட்டினேன். நீங்களும், "அதுக்கென்ன தம்பி, பிள்ளையளை ஏழு நாள் இங்க விடுங்கோ" என்று பெரிய மனத்தோடு சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் நான் டிக்கெட்டில் ஒட்டியிருந்த தென்னைமரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் அதன் பொடி எழுத்தை வாசித்திருக்கிறீர்கள். வாசித்ததை உங்களோடு வைத்திருக்கலாம். குகதாசன் மகளின் சாமத்தியவீட்டில், முந்நூறு பேருக்கு நடுவில் மைக்கைப் பிடித்து, "என்ர தம்பியும் பெண்சாதியும் மாலைதீவுக்குப் போயினம். பிளேன் கொழும்பில ஒரு மணித்தியாலம் நிக்கும்" என்று அறிவித்தீர்கள். எங்கள் சனத்தின் காதில் மாலைதீவு விழவில்லை. கொழும்பு மட்டும் விழுந்தது.

அடுத்த நாள் காலை வால்தம்ஸ்டோவிலிருந்து பாலாம்பிகை மாமி வந்தா. கையில் பிரஷர் குக்கர்.

"மாமி, நாங்கள் கொழும்பில இறங்கேல்லை. பிளேனுக்குள்ளதான் இருப்பம்."

"பிளேனுக்குக் கதவு இருக்குத்தானே, தம்பி? என்ர மருமோன் கீழ வந்து நிப்பான். எட்டிக் குடுத்துவிடுங்கோ."

பின்னால் றோஸ்மலர் ரீச்சர், குளிர் ஜாக்கெட்டோடு. கனடா போகவென்று கொழும்பு லொட்ஜில் எட்டு மாதமாக ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் தம்பிக்காம். "நீங்களே போட்டுக்கொண்டு போனால் பாரம் குறையும்" என்று யோசனையும் சொன்னா. மாலைதீவுக்கு, குளிர் ஜாக்கெட்டோடு! பக்கத்துத் தெரு இராஜேந்திரன் நாலு டசின் டோர்ச் பற்றரி கொண்டுவந்தான். "அடேய், வடக்குக்குப் பற்றரி அனுப்பத் தடை, என்னை ஆமிக்காரன் அதிலேயே பிடிச்சு உள்ள போடுவான்" என்றேன். "அப்ப காற்சட்டைப் பொக்கற்றில வையுங்கோ அண்ணை" என்றான். ஞாயிறு முடிவதற்குள் பதினேழு பார்சல். எல்லாம் எங்கள் கட்டிலில். இருக்கிற இரண்டு அறையில் அங்கேதான் இடம் இருந்தது. பத்து நாளாக நானும் தவநாயகியும் ஆளுக்கொரு பிள்ளையின் காலடியில் படுக்கிறோம். தனியாக இருப்பதற்குக் கிடைத்த டிக்கெட்டால் இருந்த கட்டிலும் போனது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க முடியாதது, மாமி போன பிறகு எனக்கு உறைத்தது. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். கொழும்புதான். அகதிகளுக்கென்று தந்த எங்கள் நீலப் பயணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உலகத்தில் எல்லா நாட்டுக்கும் செல்லும், நாங்கள் ஓடி வந்த ஒரு நாட்டைத் தவிர. அகதி வழக்குப் பேசின லோயரின் கந்தோருக்குப் போன் எடுத்தேன். அங்கே இருந்த பெண், "பிளேன் அங்கே தரையைத் தொட்டாலே, பயமில்லாமல்தானே போனாய் என்று ஒருநாள் கேட்டு அகதி உரிமையைப் பறிக்கலாம். உன் இஷ்டம்" என்றாள். என் இஷ்டமாம்! குளிர் தாங்காமல் வெயில் தேடிப் போகிற வெள்ளைக்காரன் அந்த ஒரு மணித்தியாலத்தில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறுவான். அந்த மண்ணில் பிறந்தவன் ஜன்னலால் எட்டிப் பார்த்தாலும் குற்றம். இந்தச் சட்டத்தை எழுதினவன் எந்தக் கதிரையில் இருந்து எழுதினானோ, அவனுடைய கதிரைக் கால் உடைய.

நீங்கள் மைக்கில் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது, தெரியாமல் ஏறியிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதற்காக நன்றி சொல்லுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெரியாமல் இருந்த அந்த இரண்டு மாதம், தொப்பியோடு வெங்காயம் வெட்டின அந்த இரண்டு மாதம், எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம். அதைத்தான் நீங்கள் கெடுத்தீர்கள்.

தொழிற்சாலைக்காரர் பதிலுக்கு வேறொன்று தந்தார்கள். இங்கிலாந்துக்குத் தெற்கே, வைட் தீவில் ஒரு ஹோட்டல், இரண்டு பேருக்கு இரண்டு நாள். கண்ணாடிக் கூரைக்குள் சூடாக்கின நீச்சல் தடாகம், சுற்றிவரப் பிளாஸ்டிக் தென்னை. வெளியே மழை பெய்யும், உள்ளே கோடை. எனக்கு வந்த கோபத்தில், "பிளாஸ்டிக் தென்னைக்குக் கீழ இருக்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் கெட்டுப் போகேல்லை, ஆருக்கெண்டாலும் குடு" என்று கத்தினேன். தவநாயகி அதைத் தன்னோடு சேர்ந்து சான்ட்விச் அடுக்கும் இசபெலுக்குக் கொடுத்துவிட்டாள். தொப்பி இப்போது பிரஷர் குக்கரின் மேல் இருக்கிறது.

ஆகையால் நாங்கள் எங்கும் போகவில்லை. பிள்ளைகளைப் பார்க்க நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். உங்களிடமிருந்து எனக்கு எந்த உதவியும் தேவையில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டேன். பார்சல்காரர் யாரும் பார்சலைத் திருப்பி எடுக்கிறார்கள் இல்லை. "அடுத்தமுறை போகேக்கை கொண்டு போங்கோ" என்கிறார்கள். அதையும் நானே சுமக்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், கம்பளத்துக்குக் கறைபடாத வாழ்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோபக்காரத் தம்பி
யோகராஜா

பி.கு.: சனிக்கிழமை காலை. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். நேற்று இரண்டு இருபதுக்குத் தவநாயகி பஸ்ஸிலிருந்து தொப்பியோடு இறங்கினாள். இசபெலிடம் போய், மன்னிப்புக் கேட்டு, வைட் தீவைத் திருப்பி வாங்கிவிட்டாளாம். "தென்னை பிளாஸ்டிக் எண்டால் எனக்கென்ன? நீங்கள் பிளாஸ்டிக் இல்லைத்தானே" என்றாள். என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. ஆறு வருடத்தில் முதல் தரம்.

இதை உங்கள் வாசல்படியில் இருந்து எழுதிக் கதவுத் துவாரத்தால் போடுகிறேன். இராஜேந்திரனின் வான் வண்டியில் வந்தோம். மூத்தவள் இரண்டு நாளுக்கு உடுப்பு வைத்திருக்கிறாள், சின்னவன் சொக்லேட் வைத்திருக்கிறான். மைக்கில் அறிவித்தவர் நீங்கள் என்பதால் பதினேழு பார்சலையும் பூச்சாடிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறோம். எங்கள் ரயில் பத்து மணிக்கு. நாலு தரம் மணி அடித்துவிட்டோம். உங்கள் கார் நிற்கிறது. உள்ளே அண்ணியின் குக்கர் கூவுகிறது. இப்போது முன்னறைத் திரைச்சீலை அசைந்தது, அண்ணியின் கையைக் கண்டோம். உங்கள் கம்பளத்துக்காகச் சின்னவனின் சொக்லேட்டை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், அவனுடைய சப்பாத்தையும் கழற்றிவிடுகிறேன். தவநாயகி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நிற்கிறாள்.

அண்ணை, கதவைத் திறவுங்கோ.