திரும்பி வர எவ்வளவு நேரம்?

மலாக்கா மாநிலத்திலேயே 'இருக்கு' என்ற சொல்லை நம்பாத ஒரே மனிதர் எங்கள் மேகம் அண்ணன்தான். குடை இருக்கு என்றால் விரித்துக் காட்டச் சொல்வார். பக்கத்து வீட்டில் இன்னொரு சாவி கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அண்ணி சொன்னதற்காக, ஒருநாள் வேண்டுமென்றே வீட்டைப் பூட்டி, கையிலிருந்த சாவியை உள்ளேயே போட்டுவிட்டு வெளியே நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பினாங்குக்குப் போயிருந்தார்கள். அண்ணி அன்று முழுக்க வாசல் கேட்டருகே நின்று என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது. மேகம் அண்ணன் மட்டும் மறுநாள் ஆபீசில் திருப்தியாகச் சொன்னார், "இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல? சாவி இருந்துச்சு. ஆனா வரல."

நியாலாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காடியைச் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தி, ஸ்பேர் டயர் வேலை செய்யுமா என்று மாட்டிப் பார்த்தவர் அவர். வேலை செய்தது. தாலி கட்டி முடிந்து, சாப்பாடும் பாதி முடிந்த பிறகு, பட்டு வேட்டியில் கறுப்புக் கையோடு வந்து மொய்க் கவரை நீட்டினார். கவரிலும் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

நாங்கள் வேலை பார்த்தது மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சென்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. யாருக்கு என்ன எடை, எவ்வளவு தண்ணீர் இறக்க வேண்டும், எந்த ஊசி ஆகாது என்பதெல்லாம் ஒரே டேட்டாபேசில் இருந்தது. அந்த டேட்டாபேஸ் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்குத் தினமும் நகல் எடுத்து வைப்பது பேக்கப். ஏதாவது ஆகிவிட்டால் நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொண்டுவருவது ரிஸ்டோர். பேக்கப் தானாக நடந்துவிடும். ரிஸ்டோரை அண்ணன் வரும்வரை யாரும் செய்து பார்த்ததே இல்லை.

அவருக்கு இந்தப் பித்து பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இளவயதில் வேறொரு கம்பெனியில், அலமாரி நிறைய பேக்கப் டேப் வைத்திருந்தார்களாம். தேவைப்பட்ட நாளில் எடுத்துப் போட்டால் எல்லாமே வெறும் டேப். அன்றிலிருந்து பச்சை விளக்கு எரிந்தால்கூட அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புது மெஷினை வாடகைக்கு எடுத்து, நகலை அதில் இறக்கி, முழுதாக வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார். இறங்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரம் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடலிலிருந்து கிளம்பி வரும் மேகங்கள் கடைவீட்டு ஓடுகளுக்கு மேலே ஒன்றோடொன்று கரைந்து போகும். கையிலிருக்கும் தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டும். கூப்பிட்டால் காதில் விழாது. நம் டேட்டா அந்த மேகத்தில் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தால் முகம் லேசாக வாடும். பேர் அப்படி வந்ததுதான். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளம் போடுகிற அக்காவுக்கு மட்டும் தெரியும்.

பாஸுக்கு இது பிடிக்கவில்லை. சும்மா இருக்கிற நகலை எதற்கு வாரா வாரம் எழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம். எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை கேட்டார். மணிக்கணக்கில் சொன்னால் பாஸ் மறந்துவிடுவார் என்று அண்ணனுக்குத் தெரியும். "நியாலாஸ் போயிட்டு திரும்பி வர்ற நேரம் பாஸ்," என்றார். நிஜமாகவே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னார்.

அவ்வளவு நேரம் நோயாளிகள் காத்திருக்க முடியுமா என்ற கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. நகலை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். ஒரே வரிசையாக வந்ததைப் பல வரிசையாகப் பிரித்து ஒரே நேரத்தில் இறக்கினார். யாருக்கும் வேண்டாத பழைய படங்களைக் கடைசிக்குத் தள்ளினார். நேரம் பக்கத்திலிருக்கும் சுங்கை ஊடாங் போய்வரும் அளவுக்குக் குறைந்தது. பிறகு ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை, ஜன்னலிலிருந்து திரும்பி, கனவில் பேசுகிறவர்போல என்னிடம் சொன்னார், "தங்கச்சி, டீ இன்னும் சூடா இருக்கு. எல்லாம் வந்துருச்சு."

அடுத்த மாதமே அது நடந்தது. வாடகைச் செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு காலை பாஸ் தாமே கிளவுடுக்குள் புகுந்து, அண்ணனின் சோதனை மெஷின் என்று நினைத்து ஒன்றை அழித்தார். அந்த வாரம் சோதனை மெஷினே இல்லை. இருந்த ஒன்றே ஒன்று நிஜம்.

போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. முதலில் ஜாசின் சென்டர். என் அப்பா வாரம் மூன்று நாள் போய்ப் படுப்பது அங்கேதான். அன்றும் அவர் நாற்காலியில் இருந்தார். எடை பார்த்துப் பதிந்தாயிற்று, அதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது, யாருக்கு எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் ஆரம்பிக்க முடியாது என்றார் மிஸ்ஸி, அங்கத்திய நர்ஸ்.

மேகம் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மிஸ்ஸி, யாருக்கும் எதையும் குத்துமதிப்பா ஆரம்பிக்க வேணாம். எல்லாரையும் உக்கார வைங்க. ஒரு தே தாரிக் போட்டுக் குடிங்க. குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துரும்."

வந்துவிடும் என்று அத்தனை சாதாரணமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மிஸ்ஸி நம்பிவிட்டார். மற்ற சென்டர்களுக்கும் அண்ணன் அதையே சொன்னார், அதே குரலில். இடையில் அப்பாவும் போனில் வந்து, உங்க கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சாமே, தண்ணி அளவுன்னு எங்களுக்கு மட்டும் டீ கொடுக்க மாட்டேங்கறாங்க என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அன்று அண்ணன் ஜன்னல் பக்கம் போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். காலை நகல் இறங்கியது. அதன்பிறகு நடந்த மாற்றங்கள், தனியாகப் பதிவாகியிருந்த குறிப்பிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முடிந்ததும் அவரே ஜாசினுக்குப் போன் போட்டு, கடைசியாகப் பதிந்தது என்ன தெரிகிறது என்று கேட்டார். என் அப்பாவின் பேரையும், காலையில் பார்த்த எடையையும் மிஸ்ஸி வாசித்தார். டீ இன்னும் பாதி இருக்கிறது என்றும் சொன்னார்.

பாஸ் எல்லோர் முன்னாலும் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் முந்திக்கொண்டார். இன்று பெரிய சோதனை, பாஸ்தான் ஏற்பாடு செய்தார், நன்றாக முடிந்தது என்று அறிவித்தார். ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் கை தட்டினோம். பாஸ் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் கார் பார்க்கில் அண்ணனைப் பார்த்தேன். காடிக் கதவில் சாவியைச் செருகப் பார்க்கிறார், முடியவில்லை. சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

"அண்ணே, பயந்துட்டீங்களா?"

"பயம்தான் தங்கச்சி. வராமப் போயிருந்தா, டீயக் குடிச்சிட்டு என்னைய நம்பி உக்காந்திருப்பாங்கல்ல."

சாவியை நான் வாங்கிக்கொண்டேன். ஆயர் குரோ தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். தலை ஜன்னல் கண்ணாடியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. நான் திருப்பவில்லை. உம்பாய்ப் பக்கம், கடல் தெரியும் சாலையில் காடியை விட்டு, மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்து, அவர் தலை இடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.