வண்டிச் சாவியைத் தருவதற்கில்லை

ராஜகீழ்ப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் டேனியலுக்கு, எலியேசர் அத்தான் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் வண்டியும் ஆண்டவர் கிருபையால் சுகம். திருச்சியில் நீயும் ரோஹிணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே "அத்தான், மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். கடிதத்தை அப்படிச் சொல்லி மடக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் இரண்டே நிமிடம் பேசினாய். அதற்குள், "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வந்து வண்டிய எடுத்துட்டுப் போறேன், சாவி, ஆர்சி புக் எல்லாம் ரெடியா வைங்க" என்றாய். கூடவே, "இந்த வயசுல டாக்சி ஓட்டறது நம்ம குடும்பத்துக்கு நல்லாவா இருக்கு?" என்றும் கேட்டாய். சாவியைத் தருவதற்கில்லை. டாக்சியும் நான் ஓட்டவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் இரண்டையும் படிப்படியாக விளக்குகிறேன், பொறுமையாகப் படி.

நான் வைத்திருந்தது மொத்தம் நாலு வண்டி. கம்பெனி பெயர்களை எழுதவில்லை, எவனாவது கேஸ் போட்டால் கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. முதல் வண்டி தொண்ணூற்றொன்றில் பம்மல் டாக்டரிடம் வாங்கிய பழைய க்ரீம் கலர் வண்டி. தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். அதில் பதினோரு பேர் மகாபலிபுரம் போனோம். நீ அப்போது காலேஜ் முதல் வருடம், புதிதாக மீசை விட்டிருந்தாய். கோவளம் வருவதற்குள் அந்த மீசையோடு இரண்டு தடவை வாந்தி எடுத்தாய், இரண்டாவது தடவை என் சட்டையில். உன் அக்கா என்னைத் திட்டினாளே தவிர உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வண்டி எவ்வளவு மோசமென்றால், கேம்ப் ரோட்டில் எனக்குத் தெரியாத ஆளே இல்லை. தள்ளியவர்கள் எல்லாம் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். பழக்கடை பொன்னுசாமி தூரத்திலேயே பார்த்துவிட்டு, "இன்னா வாத்யாரே, இன்னிக்கும் பேஜாரா?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை எனக்குத்தான் வந்தது.

இரண்டாவது, சிவப்பு சின்ன வண்டி. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி நாலு கதவிலும் ஒவ்வொன்றாகக் கழன்று வந்து கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதை உன் அக்கா கிறிஸ்டினா தன் ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தாள். காற்று வேண்டுபவர்கள் அவளிடம் கேட்டு வாங்கித் திருகிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் பெண் ஓவியாவையும் தெருப் பிள்ளைகள் நாலு பேரையும் அதில்தான் ஸ்கூலுக்குக் கூட்டிப் போவேன். "ஆன்ட்டி, கைப்பிடி!" "ஆன்ட்டி, எனக்கு!" என்று தாம்பரம் போய்ச் சேரும்வரை ஒரே இரைச்சல். எனக்குத் தலைவலி வரும். இப்போது காசு கொடுத்தாலும் அந்தத் தலைவலி கிடைக்காது.

மூன்றாவது டீசல். அதன் சத்தம் கேட்டுத்தான் உன் அக்கா அடுப்பில் டீ வைப்பாள், நான் கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது டம்ளரோடு நிற்பாள். இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில் அது தானாக மிதந்து போய் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் சார் வாசலில் அணைந்து நின்றது. ஒரு தென்னை ஓலைத் தகராறில் அவரும் நானும் அதுவரை ஒன்பது வருடமாகப் பேசியதில்லை. இடுப்பளவு தண்ணீரில் தெரு மூழ்கிக் கிடக்கிறது, மனிதர் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், இது நோ பார்க்கிங் சார்!" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் செஸ். அவரும் இப்போது மகனோடு பெங்களூரு போய்விட்டார், வீட்டில் 'டு லெட்' போர்டு தொங்குகிறது.

நாலாவதுதான் நீ கேட்கிற வெள்ளை வண்டி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு அதன் மேல் கோபம். ஒரு நாள் கூட நடுரோட்டில் நின்றதில்லை, ஒரு மனிதனும் வந்து தள்ளியதில்லை. நாலு வண்டியிலும் நான் கண்டது என்னவென்றால், வண்டி நல்லதாக ஆக ஆக ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உன் அக்கா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. போன மாதம் அஞ்சு கிலோ அரிசிப் பையை அவள் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்த ஆரம்பித்தது. பையைப் பின்னால் வைத்திருக்கலாம், பெல்ட்டையாவது மாட்டியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் வீடு வரைக்கும் கத்தவிட்டேன். பக்கத்தில் ஒருத்தர் இருப்பதாக அதுவாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

இனி டாக்சி விஷயம். தாம்பரத்தில் வெள்ளை வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் டாக்சிக்காரன் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள், நம்பர் பிளேட் மஞ்சளா வெள்ளையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்டேஷன் பக்கம் மருந்து வாங்க நிறுத்தியிருந்தேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மாள் கையில் சூட்கேசோடு பின் கதவைத் திறந்து ஏறி, "காட்டாங்குளத்தூர். ஓடிபி நாலு ஏழு ரெண்டு ஒண்ணு" என்றார். நான் இல்லையம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, டேனியல். வேறொருத்தர் கை என் வண்டிக் கதவைச் சாத்தி எத்தனை நாள் ஆகிறது! "சரிம்மா" என்று கிளம்பிவிட்டேன். பெயர் சத்யபிரியாவாம், அங்கே காலேஜ் ஆபீசில் வேலை. மாமியார் எப்படிச் சாம்பாரில் கூடுதலாக உப்பைப் போட்டுவிட்டுப் பழியை மருமகள் மேல் போடுகிறாள் என்பதைப் பெருங்களத்தூர் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் "அப்படியா", "அடடா" என்று போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான்.

வண்டலூர் தாண்டும்போது நிஜ டாக்சிக்காரன் போன் பண்ணி, "மேடம், எவ்ளோ நேரமா நின்னுகினு கீறேன், எங்க கீறீங்க?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். "யோவ், நிறுத்துய்யா வண்டிய! யாருய்யா நீ?" என்று அந்த அம்மாள் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்கள். என் பென்ஷன் புத்தகம், சர்ச் அடையாள அட்டை எல்லாம் காட்டினேன். யாரும் நம்பவில்லை. கடைசியில் ஓவியா நம்பரைக் கொடுத்தேன். மெல்போர்னில் ஆபீஸ் வேலையாக இருந்தவளிடம் ஒரு கான்ஸ்டபிள், "உங்கப்பா ஆளக் கடத்தினாரா, இல்ல டாக்சி ஓட்றாராம்மா?" என்று கேட்டார். அவள் பாவம், இரண்டில் நல்லது எதுவோ அதைச் சொல்வோம் என்று, "டாக்சிதான் சார், டாக்சிதான்" என்று சொல்லித் தொலைத்தாள். உனக்கு வந்த செய்தியின் மூலம் இதுதான். எல்லாம் அடங்கிய பிறகு சத்யபிரியா அம்மாள், "அப்புறம் ஏன் சார் என்னை ஏத்திக்கிட்டீங்க?" என்று தன்மையாகக் கேட்டார். "நீங்கதானேம்மா ஏறினீங்க" என்றேன்.

ஆகையால் வண்டி என்னோடுதான் இருக்கும். எனக்கு யாரும் துணைக்கு வேண்டாம், வண்டி போதும். தைரியம் இருந்தால் சொன்ன சனிக்கிழமையே நேரில் வந்து கேள், முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்கிறேன். ரோஹிணிக்கு என் அன்பு. பிள்ளைகளின் படிப்பையும் உன் மீட்டிங்குகளையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
பிடிவாதத்தில் குறையாத உன் அத்தான்,
எலியேசர்

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. பொய் சொல்லி உன்னை வரவழைத்தால் உன் அக்காவுக்குப் பிடிக்காது. வண்டியைப் போன வெள்ளிக்கிழமையே விற்றுவிட்டேன். கான்ஸ்டபிள் பேசிய அன்றைக்கு ராத்திரி ஓவியா போனில் அழுதாள், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மெக்கானிக் அன்பு கூட்டி வந்த ஒரு குடும்பம் வாங்கிக்கொண்டது. ஆறு பேர், இருக்கிற இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு போனார்கள். முதலிலேயே இதை எழுதியிருந்தால் நீ டிக்கெட்டை கேன்சல் செய்திருப்பாய். இங்கிருந்து எடுத்துப் போக உனக்கு இப்போது ஒன்றுமில்லை, டேனியல். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வா.