வேட்டுக்கு விழும் வகையறா

கந்தர்வக்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

கீரமங்கலத்தில் மனைவி மக்களோடு சௌக்கியமாக இருக்கும் மச்சான் சூர்யபிரகாஷ் அவர்களுக்கு, உங்கள் தங்கை சொர்ணவல்லியைக் கட்டிய ஆவுடையப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் மருமகள் ரஞ்சிதாவும் நலம் என்று எழுதும்போதே கை கூப்பத் தோன்றுகிறது. போனில் சொன்னால் பாதியில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு காலையில் செல்போன் அலாரம் அடித்ததும் ரஞ்சிதா அப்படியே சரிந்துவிட்டாள். கோயில் வேட்டுச் சத்தத்துக்கு யார் மயங்கி விழுந்தாலும் சாமி இறங்கிவிட்டது என்று பரிவட்டம் கட்டி முதல் மரியாதை கொடுப்பது எங்கள் வகையறா வழக்கம் அல்லவா? அதனால் நான் பதறாமல் திருநீறு பூசி, இந்த வருடம் முந்திரி விலை போகுமா என்று அவளிடம் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். “புள்ளைக்கு மூச்சு வருதான்னு பாருங்க, முந்திரியாம் முந்திரி! அங்கிட்டுத் தள்ளுங்க” என்று சொர்ணவல்லிதான் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்புச்செல்வி ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “இது வலிப்பும் இல்லங்க, சாமியும் இல்லங்க. இதயத் துடிப்பு தடுமாறுது. திடீர்ச் சத்தம் கேட்டா உயிருக்கே ஆபத்து. மரபணு வழியா வர்றதா இருக்கும், ரெண்டு பக்கச் சொந்தத்தையும் கூட்டிட்டு வாங்க” என்றார். வேட்டுக்கு விழுவது எங்கள் பக்கம்தானே, உங்களை எதற்கு அலைக்கழிப்பது என்று நானே முடிவு செய்து, பங்காளிகளை மட்டும் வேனில் ஏற்றி, பழத்தட்டு வெற்றிலையோடு போய் இறங்கினேன். “வேட்டுக்கு விழுந்தவங்க மட்டும் முன்னால வாங்க” என்று டாக்டர் சொன்னதும், முதல் மரியாதைதான் கொடுக்கப்போகிறார்கள் என்று அத்தனை பேரும் முண்டியடித்தார்கள். யார் முதலில் கையை நீட்டுவது என்று வராந்தாவிலேயே தகராறு. அந்த அம்மா முகம் சுளிக்கவே இல்லை. உதவியாளர் ஜெபக்குமாரை வைத்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். சொர்ணவல்லியும் ஓரமாகக் கையை நீட்டினாள்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “போன வருசம் வந்திருந்தா நானும் வலிப்பு மாத்திரைதான் எழுதியிருப்பேன். டீன் என்னையப் படிக்க அனுப்புனாங்க. வார்டு வேலையக் கொறச்சு, ஜெபக்குமாரையும் கூடக் குடுத்தாங்க. இப்ப மத்த டாக்டருங்களுக்கு நான் சொல்லித் தாரேன்” என்றார். மச்சான், டாக்டருக்கும் படிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரே அந்த மனிதர், அவருக்குத்தான் பரிவட்டம் கட்ட வேண்டும். என் பிள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு சிரித்த முகமாகக் காலேஜ் போகிறாள். இந்த நன்றியை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்?

நீங்கள் கலங்க வேண்டாம். இது முழுக்க எங்கள் ரத்தம். உங்கள் பக்கம் இதற்கெல்லாம் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் மகள் சத்யா நன்றாகப் படித்துத் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள் மச்சான். எழுதி முடித்த கையோடு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எங்கள் பங்காளிகள் ஒருவருக்கும் அந்தக் கோளாறு இல்லையாம். பின்னே ஏன் விழுந்தார்கள் என்று கேட்காதீர்கள், நானும் விழுந்திருக்கிறேன். இருப்பது, ஒரு நாளும் விழாத சொர்ணவல்லிக்கு. தீபாவளி வெடிக்கு விழுந்து எழாமலே போனாளே உங்கள் கடைசித் தங்கை செவந்தி, அவளைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். உங்களையும் சத்யாவையும் டாக்டர் இன்றே வரச் சொல்கிறார். இதை உங்கள் வாசலில் நின்றுதான் எழுதுகிறேன். சத்யா திடுக்கிட்டுவிடக் கூடாதே என்று போன் பண்ணவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, கதவையும் தட்டவில்லை. கடிதத்தைக் கதவிடுக்கில் செருகுகிறேன். பார்த்ததும் மெதுவாகத் திறவுங்கள்.