விரதம் இருந்த தேசிமரம்

கண்டி வீதியால் ஓடும் பஸ்கள் அந்த நாட்களில் கப்பல்துறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றன. இறங்கியவர்களின் ஒரு கையில் வெறும் போத்தல், மறு கையில் தங்கள் வீட்டுத் தேசிமரத்தின், அதாவது எலுமிச்சையின், ஓர் இலை. எல்லோரும் போனது வீதியோரத் தகரக் கொட்டகைக்கு. அங்கேதான் தேசிச்சாமி எழுந்தருளியிருந்தார். ஊறுகாய்க்கும் சொதிக்கும் ஒரு தேசிக்காய் தராத மலட்டு மரங்களை அவர் பூக்க வைப்பார்.

பூக்கவும் செய்தன. அதுதான் வேடிக்கை. பூத்த மரங்களின் படம் முகநூல் முழுக்கச் சுற்றியது. புல்மோட்டையிலிருந்தும் மூதூரிலிருந்தும் சைவர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் ஆட்கள் வந்தார்கள். எத்தனையோ தேர்தல் மேடைகளில் பேசியும் வராத ஒற்றுமை ஒரு போத்தல் தண்ணீரில் வந்துவிட்டது.

சாமியின் முறை இது. இலை சுருளும்வரை மரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது. அது மரம் இருக்கும் விரதம். பிறகு சாமி போத்தலில் நிரப்பித் தரும் தீர்த்தம் ஒரு மூடி. அதன்மேல் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர். மரம் பூத்ததும் தீர்த்தத்துக்கு அரோகரா போட்டார்கள். வாளிகளை நினைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாமி காசைக் கையால் தொடமாட்டார், பெரிய துறவி. முதல் காய்ப்பு முழுவதும் காணிக்கை, அவ்வளவுதான். சந்தையில் தேசிக்காய் தட்டுப்படாத காலத்தில் காய்க்கிற காய்கள் அவை. காணிக்கையை ஏற்றிக்கொண்டு சாமியின் சின்ன லொறி திருகோணமலைச் சந்தைக்குப் போகும். கடவுள் இப்போது அங்கேதான் குடியிருக்கிறார் போலும்.

அன்னலட்சுமியும் போனாள். அவள் வீட்டு வளவில் இரண்டு தேசிமரங்கள். ஒன்று கிணற்றடியில், ஒன்று வேலியோரம். மருமகள் கஜந்தி மீன் கழுவிய தண்ணீரும் யூரியாவும் போட்டுப் போட்டு இரண்டையும் கரும்பச்சையாக வளர்த்து வைத்திருந்தாள். பூ மட்டும் இல்லை.

“பேரப்பிள்ளையள் எத்தனை அம்மா?” என்று சாமி விசாரித்தார்.

“மகன் கலியாணம் முடிச்சு மூண்டு வருசம். இன்னும் ஒண்டும் இல்லை சாமி.”

சாமி உடனே கண்ணை மூடினார். ஞானதிருஷ்டி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

“உங்கட வீட்டில மடி நிறையாத பொம்பிளை ஒருத்தி இருக்கிறா. அவ கை படுற மரம் எப்பிடிப் பூக்கும்? தாய் வீட்டுக்கு அனுப்புங்கோ. மரமும் காய்க்கும், மகனுக்கும் வேற நல்ல இடம் பார்க்கலாம்.”

வீட்டில் இதை மாமியார் சொன்னபோது, கணவன் தனஞ்சயன் தன் தொலைபேசியை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அப்படி என்ன இருந்ததோ. கஜந்தி குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதாள். மூன்று வருடம் அவள் கஞ்சி ஊற்றிய வீடு, ஒரு மரத்தின் பேச்சைக் கேட்டு வெளியே போகச் சொல்கிறது. அழுது முடித்தபின், மூதூரில் விவசாயப் போதனாசிரியராக இருக்கும் தன் பள்ளித் தோழி றிஷானாவுக்கு அழைப்பெடுத்தாள்.

றிஷானா சிரித்தாள். “உன்ர கை பிழையில்லை கஜந்தி, நீ ஊத்தின தண்ணிதான் பிழை. மரத்துக்குள்ள ஓமோன் எண்டு சில பொருள் இருக்கு. தண்ணியும் யூரியாவும் தாராளமாக் கிடைச்சா, ‘வளர், வளர்’ எண்டு சொல்லுற ஓமோன் கூடும். மரம் இலையாத் தள்ளும், பூக்காது. கொஞ்சம் காயவிட்டா அது குறையும். பிறகு தண்ணி விட்டாப் பூ வரும். தேசித் தோட்டக்காரர் எல்லாரும் செய்யிற வேலை இது. உங்கட சாமி அதுக்கு விரதம் எண்டு பேர் வைச்சிருக்கிறார்.”

அடுத்த நாள் கொட்டகையில் கூட்டம் முட்டியது. கஜந்தி மாமியாரோடு போய்ச் சாமிக்கு நேரே நின்றாள்.

“சாமி, சக்தி தீர்த்தத்துக்கா, விரதத்துக்கா?”

“தீர்த்தத்துக்குத்தான் பிள்ளை.”

“அப்ப கிணத்தடி மரம் உங்களுக்கு. நான் கிட்டவும் போகமாட்டன். விரதம் இல்லாம, தீர்த்தம் மட்டும் ஊத்துங்கோ. வேலியோர மரம் எனக்கு. தீர்த்தம் இல்லாம விரதமும் வெறும் கிணத்துத் தண்ணியும். இந்த மலட்டுக் கையால நான் அதை ஒவ்வொரு நாளும் தொடுவன். என்ர மரம் பூக்காட்டி நானே பெட்டியைக் கட்டுறன்.”

கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அத்தனை போத்தல்களுக்கு முன்னால் “ஏலாது” என்று எப்படிச் சொல்வது? சாமி தலையாட்டினார்.

சோளகக் காற்று அனலாக வீசிய காலம். வேலியோர மரம் வாடி இலை சுருண்டது. கஜந்தி தினமும் அதைத் தடவிக்கொடுத்தாள். பயத்தில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கிணற்றடி மரமோ தீர்த்தத்தோடு வீட்டார் குளித்த தண்ணீரையும் குடித்துத் தளதளவென்று நின்றது. பார்க்க வந்த சாமியின் முகம் கறுத்தது.

“இனிக் கிணத்தடியில ஒருத்தரும் குளிக்கக்கூடாது” என்றார்.

“ஏன் சாமி? மாமி குளிச்ச தண்ணிக்கு உங்கட தீர்த்தம் பயமோ?” என்றாள் கஜந்தி.

சாமி வானத்தைப் பார்த்தார். அன்னலட்சுமி வியர்வையைத் துடைத்தாள். “இந்த வெக்கையில குளிக்காம என்னால ஏலாது சாமி” என்றாள். பக்தி அங்கே வழுக்கியது.

விரதம் முடிந்ததும் கஜந்தி தன் மரத்துக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். சில வாரங்களில் வேலியோரம் பூவால் வெள்ளையாகிவிட்டது, வீதிவரை மணந்தது. கிணற்றடி மரத்தில் இலை, இலை, இலை. செய்தி கேட்டு ஊரே வளவுக்குள் நுழைந்தது. சாமியையும் விடாமல் கூட்டி வந்தார்கள்.

“இந்தப் பிள்ளை சூனியம் செய்திருக்கு” என்றார் சாமி.

“அந்தச் சூனியத்தை எல்லாரும் உங்கட வீட்டில செய்து பாருங்கோ. காயவிட்டுத் தண்ணி ஊத்துங்கோ. தீர்த்தம் வேண்டாம்” என்றாள் கஜந்தி.

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த இன்ஷாப் சாமியின் வழியை மறித்து நின்றான். “அப்ப எங்கட வாப்பா ஏத்தி அனுப்பின தேசிக்காய் மூட்டையெல்லாம் எதுக்கு?” என்று நிதானமாகக் கேட்டான். பதிலைத் தேடிச் சாமி லொறிக்கு ஓடினார். அதன்பின் கொட்டகையில் நாய்தான் படுத்திருக்கிறது.

ஆனால் கூட்டம் கலையவில்லை. ஒருத்தி கஜந்தியிடம் போத்தலை நீட்டினாள். “பிள்ளை, உன்ர கையால கொஞ்சம் தண்ணி தாவன். ராசியான கை.” நேற்றுவரை மலட்டுக் கை.

அன்னலட்சுமி மருமகளின் தோளைத் தொட்டாள். “நீ ஒரு இடமும் போகவேண்டாம் பிள்ளை. மரம் பூத்திட்டுதுதானே.”

“பூக்காட்டி, மாமி?”

மாமி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தனஞ்சயன் மறுபடியும் தொலைபேசியைத் தேடினான். வீட்டுக்கு வந்த பெண் வீட்டில் இருக்கலாமா என்று மரத்தைக் கேட்கிற ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. ஒருமுறை அதையும் கேட்டுப் பாருங்கள்; அது காணிக்கை கேட்காது.