கூப்பிட்டால் வந்துவிடுகிறவன்

அலெக்சாந்திரியா,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த அக்கா இன்ஸாஃபுக்குத் தம்பி ஹில்மி எழுதுவது. இறைவன் அருளால் உன் முட்டிவலி தணிந்து, மச்சானின் சர்க்கரை இறங்கி, தமன்ஹூரில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். வெள்ளிக்கிழமைதோறும் நான் வாயைத் திறக்கும் முன்பே, "நாளைக்கே வாங்கடா, என் வீடு உன் வீடு, ஒரு மாசம் தங்குங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் பிள்ளை நாஜியைப் பற்றியது. ஆட்டிசம் மையத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் மூன்று விஷயங்களைத்தான் எடுத்துச் செய்ய முடியுமாம். அவனுக்குப் பேச்சு குறைவு என்பதால், எவை என்று நான் எழுதவேண்டும், வியாழனுக்குள். அவன் அம்மா ஸுஹைர் இருந்திருந்தால் அடுப்படியில் நின்றபடியே சொல்லியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது, கேட்க ஆளில்லாமல் தெருவைக் கேட்டேன். மூன்றாவது மாடி மேடம் இனாயாத், லிஃப்டைக் கண்டால் அவன் கைகளைப் படபடவென்று ஆட்டுவதை முதலில் நிறுத்தச் சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன் உன் மகள் நிச்சயதார்த்தத்தில் அவன் சம்பந்தியின் தலையை முகர்ந்து பார்த்தானே, "அதை மட்டுமாவது சரி பண்ணுடா" என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. எல்லாம் சேர்ந்து பதினேழு ஆயிற்று.

மையத்து டாக்டர் ரிஹாம் சின்னப் பெண், முகத்தாட்சண்யம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"கை ஆட்டறது சந்தோஷத்துல. இதுல யாருக்கு வலிக்குது?"

"மேடம் இனாயாத்துக்கு."

"அவங்களை வரச் சொல்லுங்க, தனிப் படிவம் தர்றேன்."

இப்படியே அடித்து அடித்து இரண்டு நின்றன. போன மாதம் மூன்று நாள் தன் கையையே கடித்துக்கொண்டானே, ஜின் பிடித்திருக்கிறது என்று தெருவே சொன்னதே, அது கடைவாய்ப் பல் சொத்தை அக்கா! எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் பிள்ளை தவித்திருக்கிறான், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்தேன். வலியைச் சொல்லப் பழக்குவது ஒன்று. மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கண் மண் தெரியாமல் சாலையில் ஓடுகிறானே, அது இரண்டு.

மூன்றாவதுதான் என் தலைவலி. சாப்பிடுகிறவன் போகிறவனைப் பார்த்து "வாங்க, சாப்பிடலாம்" என்பான், போகிறவன் நெஞ்சில் கை வைத்து "நல்லா சாப்பிடுங்க" என்று நகர்ந்துவிடுவான். உலகம் அப்படித்தானே நடக்கிறது? இவன் உட்கார்ந்துவிடுகிறான். மளிகைக்கடைக்காரர் "உங்களுக்கு இல்லாததா, சும்மா எடுத்துக்கோங்க" என்றார்; வெள்ளைப் பாலாடைக்கட்டி டப்பாவை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மெக்கானிக் உஸ்தா ஷிஹாத்தா தினம் ஒரு மணிக்குக் கூப்பிடுவார், இவன் தினம் ஒரு மணிக்குப் போய் அவரது மொச்சைக் கூழில் பாதியை ரொட்டியால் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வருவான். இழுத்துவர நான் போனால், "ஹில்மி சார், மகன் உட்கார்ந்துட்டான், அப்பனுக்கு மட்டும் என்ன கிராக்கி? ஊறுகாயை நகர்த்துடா!" என்று என்னையும் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

"அழைப்பு என்பது மரியாதைக்கு மட்டும் என்று இவனுக்குக் கற்றுத்தர வேண்டும்." இதை மூன்றாவதாக எழுதினேன். டாக்டர் படித்தாள். "கத்துக்குவான். அப்புறம் யார் கூப்பிட்டாலும் போகமாட்டான். பரவாயில்லையா?" என்றாள். ஸுஹைர் போனபின் நான் அடுத்தவர் மேசையில் உட்கார்ந்தது அந்த ஒர்க்‌ஷாப்பில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் எதிரில் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பாடு. ரொம்பத் தனியாக இருக்கிறது அக்கா. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆனாலும் ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே. அந்த வரியை அப்படியே வைத்து வியாழனன்று கொடுத்துவிடுவேன். நீ கூப்பிடுவதும் மரியாதைக்குத்தான் என்பது எனக்குத் தெரியும், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேர ரயில்தான் என்றாலும் நாங்கள் வரமாட்டோம், கவலைப்படாதே. மச்சானுக்கு சலாம், குழந்தைகளுக்கு முத்தங்கள், உன் வீட்டில் என்றும் பரக்கத் நிறையட்டும்.

உன் தம்பி,
ஹில்மி

பின்குறிப்பு (புதன்கிழமை): முப்பத்தொரு வருடம் தபால் இலாகாவில் இருந்தவன் கடிதத்தைக் கையில் எடுத்து வருகிறானே என்று சிரிக்காதே. வெள்ளிக்கிழமை நீ பேசியதை ஸ்பீக்கரில் நாஜியும் கேட்டிருக்கிறான். மறுநாளே பை கட்டிவிட்டான்: இரண்டு துண்டு, தலையணை, மிச்சமிருந்த பாலாடைக்கட்டி. நான்கு நாளாக விடிந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறான். அதெல்லாம் சும்மா வாய் வார்த்தைடா என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன், "அத்தை பொய் சொல்றாங்களா?" என்றான். இல்லை என்றேன்.

மூன்றாவது வரியை அடித்துவிட்டு, படிவத்தை இன்றே கொடுத்துவிட்டேன். இதை உன் கையில் நீட்டுகிறவன் நாஜிதான். உன் தலையை முகர்ந்து பார்ப்பான், வலிக்காது. பின்னால் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது நான். ஒரு தடவை "வாங்க" என்று சொல் அக்கா. இந்த முறை நெஞ்சில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போகமாட்டேன்.