முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்

மயிலாப்பூர்,
ஞாயிறு, இரண்டாவது காபிக்குப் பிறகு

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு, அத்திம்பேர் ஸ்ரீனிவாசராகவன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. கோயம்புத்தூரில் நீயும் உன் அகமுடையாளும் பிள்ளை அச்யுத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கு நான் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. வலது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா அவயவங்களின் சார்பிலும் அப்படியே எழுதுகிறேன்.

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுநடுவே "சரி அத்திம்பேர், சரி அத்திம்பேர்" என்று சொல்லிவிடுகிறாய். அதற்கப்புறம் எனக்குக் கோபம் நிற்பதில்லை. ஆகவே கடிதம். நீ கேட்டது என்ன? உன் தகப்பனார் வாங்கி, பிற்பாடு உன் அக்கா அபயாம்பாளுக்கும் எனக்கும் கொடுத்த அந்தப் பழைய ஃபியட் காரை, அவளும் போய்விட்ட பிறகு எனக்கு எதற்கு, உன்னிடம் அனுப்பிவிடலாமே என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். பதில், முடியாது. காரணங்கள் பல உண்டு. அவற்றில் முதல் காரணம் நீ.

உன் அக்கா மாசியில் போனாள். அதற்கப்புறம் வண்டி உறை போட்டபடியே கார் பார்க்கிங்கில் கிடந்தது. சித்திரையில் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் உறையை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, லஸ் வரைக்கும் போனேன். முதல்நாள் கோடை மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. உனக்குத்தான் தெரியுமே, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஈரம் பட்டால் அழுத்தின இடத்தில் நிற்காது, தனக்கு இஷ்டமான பக்கம் இழுத்துக்கொண்டு போய் நிற்கும். அன்றைக்கு அதற்கு இஷ்டமான பக்கத்தில் ஒரு இளநீர் வண்டி இருந்தது. யாருக்கும் அடியில்லை. இளநீர் மட்டும் தெருவெல்லாம் உருண்டது. அந்த மனுஷர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு இளநீரை வெட்டி, "குடி நைனா, பயந்துகினு கீற" என்று கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

விஷயம் அன்று சாயந்திரமே என் பெண் ஷ்ரேயாவுக்குத் தெரிந்துவிட்டது. அடையாறிலிருந்து வந்தாள். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது, மயிலாப்பூரில் தனியாகவும் இருக்கக் கூடாது, தன்னோடு அடையாறுக்கு வந்துவிட வேண்டும், அங்கே ஒரு காருக்குத்தான் இடம், ஆகவே ஃபியட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் நீ போன் பண்ணினாய். "முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுக்கோங்கோ அத்திம்பேர், பின்னாடி டிரம் இருக்கட்டும். அரை நாள் வேலை" என்றாய். இப்போது ஐப்பசி நடக்கிறது சாய்நாத். உன் அரை நாள் இந்தப் புதன்கிழமைதான் முடிந்தது.

மீர்சாகிப்பேட்டையில் கரீமுல்லா பாய் என்று ஒரு மெக்கானிக், என் வயசுதான் இருக்கும். ஷெட்டுக்கு வெளியே என் வண்டியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிஸ்க்கா, போட்டுடலாம் சார், இதுல இன்னா கீது என்றார். இன்னா இருந்தது என்பது போகப்போகத் தெரிந்தது. வேறு ஏதோ சின்ன வண்டியிலிருந்து இரண்டு இரும்புத் தட்டும், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிபரும் கொண்டுவந்து அழகாகப் பொருத்தினார். பார்க்க நன்னாத்தான் இருந்தது. சக்கரத்தை மாட்டினதும் சக்கரம் சுத்தமாட்டேன்னுட்டது. காலிபர் போய் ரிம்முல இடிக்கறது. அதை முதல்லயே அளந்து பார்த்திருக்கலாமேன்னு கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார், ஏதோ வேற யாரோ பண்ணின தப்பு மாதிரி. அப்புறம் வேற ரிம் தேடினோம். அது கிடைக்கறதுக்குள்ள ஆனி போய் ஆடியும் போயிடுத்து. கிடைச்ச ரிம்முல உங்கப்பா ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பளபளன்னு துடைச்சு வெச்ச சக்கர மூடி உட்காரலை. நாலும் இப்போ எங்காத்துப் பரண்ல, இட்லிப் பானைக்குள்ள இருக்கு.

இதுக்கு நடுவுல வண்டியை ஒரு வாரம் ஆத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேனா, எங்கேயோ கசிஞ்சு பிரேக் ஆயில் சொட்டியிருக்கு. பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரிஞ்சுடும்னு எனக்கும் தெரியும், ஆனா தரையில இருக்கற பெயின்ட்டைப் பத்தி யார் நினைச்சா? என் இடத்துக்குன்னு தரையில எழுதியிருந்த நம்பரே அழிஞ்சுபோச்சு. எங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரி சித்தார்த்தன் வந்து நின்னு பார்த்துட்டு, நம்பர் இல்லாததால இது இப்போ விசிட்டர் பார்க்கிங் மாதிரி ஆயிடறது மாமா, அடுத்த மீட்டிங்லதான் பேசணும்னான். இந்தக் கட்டடம் எழும்பின நாள்லேர்ந்து இருக்கறவன், என் வண்டி நிக்கற இடத்துக்கு நானே விருந்தாளி.

அடுத்தது பிரேக் லைன்ல காத்து எடுக்கறது. உனக்கு அது தெரியும், ஆனாலும் சொல்றேன், சொல்லாம இருக்க முடியலை. அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் சீட்ல உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தர் கீழே படுத்துண்டு சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற திருகைத் தளர்த்தி, ஆயிலோட காத்து வெளியே வந்ததும் மூடணும். மூடறதுக்குள்ள மேலே இருக்கறவா காலை எடுத்துட்டா காத்து மறுபடியும் உள்ளே போயிடும். எங்காத்துல கீழே நான், மேலே உன் அக்கா. கல்யாணம் ஆன நாளா அப்படித்தான். ஒரு தடவை நான் "விடு"ன்னு சொல்ல மறந்துபோய், எழுந்து போய் தபால்காரரோட பேச ஆரம்பிச்சுட்டேன். பேசி முடிச்சுத் திரும்பி வந்தா, கால் வெடவெடன்னு நடுங்க, அழுத்தினது அழுத்தினபடி உட்கார்ந்திருக்கா. ஏண்டி, விட்டிருக்கலாமோல்லியோன்னா, "நீங்க விடச் சொல்லலையே"ங்கறா.

கரீமுல்லா பாய் ஷெட்ல அன்னிக்கு வேற ஆள் இல்லை. அவர் சம்சாரம் ஜைதூன் பீ சாப்பாடு எடுத்துண்டு வந்தா. வந்தவளை அப்படியே ஏறி உட்காரச் சொல்லிட்டார். அவ செருப்பைக் கழட்டி வெளியே ஓரமா வெச்சுட்டு, புர்காவை ஒதுக்கிண்டு ஏறினா. இவர் கீழேர்ந்து "அழுத்து, புடி"ங்கறார். அவ மேலேர்ந்து "புடிச்சிக்கினுதான் கீறேன், நீ மொதல்ல திருவு"ங்கறா. எனக்கு அங்கே நிக்க முடியலை. தெருவுக்கு வந்து எதிர்த்தாப்பல இருந்த புரோட்டாக் கடை போர்டைப் படிச்சிண்டு நின்னேன். நாம சாப்பிடற பதார்த்தம் ஒண்ணுகூட அதுல இல்லை, ஆனாலும் மேலேர்ந்து கீழே வரைக்கும் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

வேலை முடிஞ்சு ஜைதூன் பீ வெளியே வந்தா. செருப்பை மாட்டிண்டா. அப்புறம் மெதுவா, "அம்மா தவறிட்டாங்கன்னு பாய் சொன்னாரு. நான் அந்த சீட்ல ஏறி இருக்கக் கூடாது இல்ல சார்?"னு கேட்டா. நான் ஏதாவது மரியாதையா சொல்லியிருக்கணும். "நீங்க நன்னா அழுத்தினேள்"னுதான் வாயில வந்தது. அவ தலையை ஆட்டிட்டுப் பாத்திரத்தை எடுத்துண்டு போயிட்டா.

சரி, எல்லாம் ஆச்சு, ஷ்ரேயாவை உட்கார வெச்சு ஓட்டிக் காமிச்சா அவ வாயை மூடிடுவான்னு நினைச்சு, ஒரு சனிக்கிழமை கோவிலுக்குன்னு கூட்டிண்டு கிளம்பினேன். பிரேக் நன்னாப் பிடிச்சது. பிடிச்சது விடலை. காலை எடுத்தாலும் விடலை. முன்னாடியெல்லாம் நிக்காத வண்டி, இப்போ நகராத வண்டி. நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, தெற்கு மாட வீதி நடுவுல முன்சக்கரம் ரெண்டுலேர்ந்தும் புகை. காய்கறிக்காரம்மா ஒருத்தி, "இன்னா சார், வண்டி பொகையுது"ன்னு கொத்தமல்லிக்குத் தெளிக்கற தண்ணியை வாளியோட கொண்டுவந்தா. அந்தத் தெருவுல என்னைத் தெரியாதவா யாரு? ஷ்ரேயா இறங்கி, கூட்டத்தை ஒழுங்கு பண்ணி, என்னை நிழல்ல நிக்க வெச்சா. ஆத்துக்கு வந்து காபி போட்டுக் கொடுத்துட்டுத்தான் கேட்டா. "அப்பா, இந்த வேலை முடியணும்னு நினைக்கறேளா, முடியாம இருக்கணும்னு நினைக்கறேளா?"

எனக்குக் கோபம் வந்துடுத்து. என்ன கேள்வி இதுன்னு கத்தினேன். அவ போனப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். கார்த்தால எழுந்தா குளிச்சு, சட்டை மாட்டிண்டு, மீர்சாகிப்பேட்டைக்குப் போகணும்னு ஒண்ணு இருந்தது. அங்கே போனா "வா சார்"னு ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போடறதுக்கு ஒரு மனுஷர் இருந்தார்.

குத்தம் எங்கேன்னா, பெடலை அழுத்தினா லைனுக்கு ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் வாயில ஒரு சின்ன வால்வு. லைன்ல எப்பவும் கொஞ்சம் அழுத்தம் பிடிச்சு வெச்சிருக்கும். டிரம்முக்கு அது வேணும், டிஸ்க்குக்கு ஆகாது, காலை எடுத்தாலும் கவ்விண்டே இருக்கும். பாயும் நானும் மாத்தி மாத்தி வேற எதையெதையோ கழட்டிப் பார்த்து, கடைசியில அதைப் பிடிச்சோம். முன்லைன்ல அதை எடுத்துட்டு, பின்லைனுக்கு மட்டும் வெச்சார். மறுபடியும் காத்து எடுக்கணும். ஜைதூன் பீக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லை. நானே ஏறி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துல பெடல் பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கேர்ந்து ஒண்ணும் தெரியாது சாய்நாத். கீழே என்ன நடக்கறதுன்னே தெரியாது. ஒரு குரல் மட்டும் வரும், அது சொல்றபடி அழுத்தணும், பிடிச்சுக்கணும், அவ்வளவுதான். பூஸ்டர் இல்லாத பிரேக் வேற, முழுக்க முழுக்கக் கால் பலம். அன்னிக்குப் போனதுதான் என் முழங்கால். பிசியோதெரபி பண்ற பொண்ணு, வலது தொடை மட்டும் எப்படி மாமா இவ்வளவு கெட்டியாச்சுன்னு ஆச்சரியப்படறா.

ஆகக்கூடி, புதன்கிழமையிலிருந்து வண்டி நேராகப் போகிறது, நேராக நிற்கிறது, விட்டால் விடுகிறது. ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். ஃபியட் இங்கேதான் இருக்கும், நானும் இங்கேதான் இருப்பேன். கோயம்புத்தூருக்கு அதுவும் வராது, அடையாறுக்கு நானும் போகப்போவதில்லை. இதைப் பற்றி இனி நீ போன் பண்ண வேண்டாம். வேறு எதைப் பற்றியாவது பண்ணு. அடிக்கடி பண்ணு.

உன் அகமுடையாளுக்கும் அச்யுத்துக்கும் என் ஆசீர்வாதம். உன் அக்கா இருந்திருந்தால் குளிர் காலம் வருகிறது, காதில் துணி கட்டிக்கொள் என்று எழுதச் சொல்லியிருப்பாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
ஸ்ரீனிவாசராகவன்

பி.கு: திங்கட்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் வண்டியை எடுத்தேன், போடாமலே திரும்பிவிட்டேன். கச்சேரி ரோடில் ஒரு பெண், ஸ்கூட்டரில் முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு, சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள். அழுத்தினேன். வண்டி அப்படியே நின்னது சாய்நாத், அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆட்டோ போற அளவுக்கு இடம் விட்டு. பழைய பிரேக்கா இருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. அவ திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டா. நீ சொன்ன யோசனை சரிதான்.

ஆனா அழுத்தின அதே க்ஷணம் என் இடது கை தானா நீண்டு பக்கத்து சீட்டுக்கு முன்னாடி போய் நின்னுது, உன் அக்கா முன்னாடி சாஞ்சு இடிச்சுக்காம இருக்க. அந்தரத்துல நிக்கறது கை. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கறா. எனக்கு அதை எடுத்து எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியலை.

வண்டியை நீ எடுத்துக்கோ. அச்யுத்தை ரயில்ல அனுப்பு, வந்து எடுத்துண்டு போகட்டும். ஷ்ரேயாகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. வண்டி போனது தெரிஞ்சா அவளே என் பெட்டியை எடுத்துண்டு போக வந்துடுவா. பெடல் கனமா இருக்கும், நுனிக்கால் போறாது, முழுப் பாதத்தையும் வெச்சு அழுத்தச் சொல்லு. அப்புறம், அவன் தனியா ஓட்டிண்டு போக வேண்டாம். பக்கத்து சீட்ல யாராவது உட்கார்ந்துண்டு போகணும்.