மைக் நைனாவும் முப்பது மொட்டைகளும்

அன்றைக்கு அந்தப் புது எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். சென்னையிலிருந்து வந்த மேனேஜர், ஒரே கலரில் சட்டை போட்ட விற்பனைப் பிள்ளைகள் நாலு பேர், பூஜை போட்ட ஐயர், வாட்ச்மேன், மாலை கொண்டுவந்த பூக்காரம்மா, உள்ளே ஏதோ மூலையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு வாடிக்கையாளர், மைக் நைனா, அப்புறம் நான். கூட்டம் என்றால் எனக்குப் பயம். எங்கே போனாலும் முதலில் தலையை எண்ணிவிடுவேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டாலும் எண்ணிக்கையில் தப்பு வராது.

மைக் நைனா கூப்பிட்டு வராத ஆள் இந்தத் திருத்தணியில் பிறக்கவில்லை, பிறந்தவன் வராமல் இருந்ததும் இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை மலையடிவாரத்துப் பந்தலில் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைக் கூப்பிடுவது அவர் வேலை. தமிழில் இரண்டு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. ஒரு வருஷம் அவர் கூப்பிட்ட ஆளோடு சம்பந்தமில்லாத ரெண்டு ஆடும் வந்து நின்றதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

பிள்ளை தொலைந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பிள்ள எங்கத் தொலைஞ்சுது? அது நின்ன எடத்துலயே நின்னு அழுதுகினு கீது. தொலைஞ்சது பெத்தவங்கதான்," என்பார். அதனால் அறிவிப்பும் அப்படியே வரும்: "ஐந்து வயது முருகேசனிடமிருந்து அவருடைய தாய் தந்தையர் தொலைந்துவிட்டார்கள். தொலைந்தவர்கள் உடனடியாகப் பந்தலுக்கு வரவும்." பெற்றவர்கள் திருட்டு முழி முழித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களையும் நாலு திட்டுத் திட்டித்தான் அனுப்புவார்.

மைக் இல்லாத நேரத்திலும் அதே பேச்சுதான். டீக்கடையில் போய், "கவனிக்கவும், கவனிக்கவும். சர்க்கரை குறைவாக உள்ள டீ ஒன்று, எங்கிருந்தாலும் மூன்றாவது பெஞ்சுக்கு வரவும்," என்பார். டீ மாஸ்டரும், "வந்துகினே இருக்குது நைனா," என்று உள்ளேயிருந்து பதில் கொடுப்பார்.

இப்படிப்பட்டவருக்குச் செல்போன் எமனாக வந்தது. அப்பா மலை மேலே இருக்கிறாரா, குளத்தங்கரையில் இருக்கிறாரா என்று பிள்ளைகள் போனிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். மூன்று வருஷமாகப் பந்தலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. முன்னே ஓய்ந்த நேரத்தில் வந்தவர், இப்போது தினமும் என் கடைக்கு வந்து உட்காருவார். எனக்கு மிக்ஸி, ஃபேன், அயர்ன்பாக்ஸ் ரிப்பேர். ஜாரைக் கழற்றிக்கொண்டே கேட்பேன்.

"ரூம்ல என்ன நைனா பண்றீங்க?"

"பேசிப் பாக்கறேன் தம்பி."

"யார்கிட்ட?"

"செவுத்துகிட்ட. ரூம் சின்னது. எதிரொலி கூட வர மாட்டேங்குது."

நான் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் என் கடைக்கு நேர் எதிரே மூன்று மாடி எலக்ட்ரானிக்ஸ் கடை எழும்பியது. கண்ணாடி முகப்பு, உள்ளே குளுகுளு ஏசி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. புது மிக்ஸி தவணையில் கிடைத்தால் பழைய மிக்ஸியை யார் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள்? இந்தக் கவலையில் நான் கிடக்கும்போது அந்தக் கடை மேனேஜரே என்னிடம் வந்து, "அண்ணா, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டார். கொடுத்தேன். "மைக்ல அனவுன்ஸ் பண்ண லோக்கல் ஆள் யாராவது?" என்றார். அதற்கும் ஆள் கொடுத்தேன். என் தலையில் மண்ணைப் போட வந்தவனுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். கேட்டால் இல்லை என்று சொல்ல வராது.

நைனா சந்தோஷத்தில் குதித்தார். "தினம் ஒரு சேரு, ஒரு மைக்கு. அது போதும் தம்பி. சம்பளம் அவங்க இஷ்டம்." மேனேஜர் மட்டும் திறப்பு விழா அன்றைக்கு எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துத்தான் வேலை என்று சொல்லிவிட்டார். நைனா துவைத்த வேட்டியை மறுபடி துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் சரியாகப் பேசாவிட்டால் நான் கொடுத்த ஆள் சரியில்லை. சரியாகப் பேசினால் என் கடை காலி.

நாளென்னவோ கிருத்திகை. ஊர் முழுக்க ஜனம். ஆனால் கடைக்குள் புதிதாக ஒரு காக்காய் நுழையவில்லை. எல்லோரும் எதிர்ப்பக்கம் நின்று கண்ணாடியைப் பார்த்தார்கள். "உள்ள போனா வாங்கித்தான் ஆவணுமாம்," என்றார் ஒருவர். "நோட்டுல போன் நம்பர் எழுதச் சொல்றாங்களாம்," என்றார் இன்னொருவர். பூக்காரம்மா உள்ளே போய் வந்து, "இன்னா அக்கிரமம், ஒரே ஒரு ஆளு பாக்க அத்தினி டிவியும் ஓடுதே! கரண்ட் பில்லு யாரு அப்பன் கட்டுவான்?" என்று நியாயம் கேட்டார்.

மேனேஜர் முகம் வாடிப்போய், "அங்கிள், ஆஃபர் சொல்லுங்க அங்கிள்," என்று மைக்கைக் கொடுத்தார். நைனா தொண்டையைச் செருமினார்.

"கவனிக்கவும், கவனிக்கவும். ஐந்தரை அடி உயரம், சாம்பல் நிறம், இரண்டு கதவுகளுடன் கூடிய ஃபிரிட்ஜ் ஒன்று தன்னுடைய குடும்பத்தாரைத் தேடிக்கொண்டு இங்கே நிற்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் உடனடியாக வந்து அழைத்துச் செல்லவும்."

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. ஏசியில் வியர்த்த முதல் ஆள் அவர்தான். "அங்கிள், தள்ளுபடி எவ்வளவுன்னு சொல்லுங்க!"

"இரு தம்பி. மொதல்ல அடையாளம் சொல்லணும். அப்புறம்தான் மத்தது." அடுத்ததாக வாஷிங் மெஷினைக் கூப்பிட்டார். "காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை."

ஆனால் அந்தக் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறது. ரோட்டில் போன ஜனம் நின்றது. "யாரோ காணாம போய்ட்டாங்களாம்!" அவ்வளவுதான், வேடிக்கை பார்க்கக் கூட்டம் இந்தப் பக்கம் தாண்டியது. அதில் மஞ்சள் புடவை கட்டின ஒரு அம்மா நேராக நைனாவிடம் வந்து, "மா ஆயன கனபடலேதய்யா!" என்று அழுதது. நகரி பக்கம். வீட்டுக்காரரைக் காணோம், அவர் போனும் அந்தம்மா கைப்பையிலேயே இருக்கிறது.

நைனா எழுந்து நின்றார். மூன்று வருஷத்தில் அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜை மறந்தார், மேனேஜரை மறந்தார். பேர், ஊர், வயசு, அடையாளம் எல்லாம் கேட்டார். அடையாளம் என்ன? மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் வேட்டி. நைனா அதை அப்படியே தமிழில் ரெண்டு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னார். "எங்கிருந்தாலும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வரவும்."

கிருத்திகை அன்றைக்குத் திருத்தணியில் இந்த அடையாளத்தைச் சொல்லலாமா? முதலில் ஒரு மொட்டை வந்தது. அப்புறம் மூன்று. அப்புறம் ஒரு வேன் நிறைய. நைனா கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாதே! "என்னியத்தான் தேடறாங்களோ?" என்று ஒவ்வொருவரும் சந்தேகத்தில் வந்தார்கள். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் மரியாதையாகச் செருப்பை வெளியே விட்டார்கள். நான் எண்ணினேன். முப்பது மொட்டை. அந்த முப்பதையும் தேடிக்கொண்டு பெண்டாட்டிமார், மச்சான்மார். எல்லோரும் ஏசிக்கு நேராகத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த அம்மா ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனது. "காது. காது. இதி காது." இல்லை, இவர் இல்லை என்று அர்த்தம். ஒருத்தரை மட்டும் ரெண்டு தடவை பார்த்தது. அவர் சம்சாரம் நடுவில் வந்து, "ஏம்மா, இது என்னுது," என்றது.

முப்பதும் முடிந்து அந்த அம்மா தரையில் உட்காரப் போன நேரத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. என் கணக்கில் ஒருத்தர் மிச்சம் இருந்தார். முதலிலிருந்தே உள்ளே இருந்த அந்த வாடிக்கையாளர்! மூலையில் போய்ப் பார்த்தால், பெரிய டி.வி. முன்னால், காதில் ஹெட்போன், தலை மொட்டை, மனுஷன் மெய்ம்மறந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊரே அவரைக் கூப்பிட்டு முடித்துவிட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

அம்மா ஹெட்போனைப் பிடுங்கி அதே கையால் முதுகில் ஒன்று வைத்தது. அடித்த கையாலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது. முப்பது மொட்டையும் கைதட்டின. மேனேஜர் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே கைகோத்துப் போனார்கள். யாரும் மைக் பக்கம் திரும்பவில்லை. நைனா மட்டும் அந்தக் கண்ணாடிக் கதவு மூடி, ஆட்டம் நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டம் கலைந்தது. அவ்வளவு ஜனத்துக்கு விற்றது ஒரே ஒரு சார்ஜர் ஒயர்.

"கூட்டம் சூப்பர் அங்கிள்," என்றார் மேனேஜர். நல்ல பையன்தான், மெதுவாகத்தான் சொன்னார். "ஆனா டெய்லி ஆள் வெக்க மேல ஒத்துக்க மாட்டாங்க. நீங்க ஒரு தடவ ஆஃபரைப் பேசிடுங்க, ரெக்கார்டு பண்ணிக்கறோம். தினமும் அதுவே ஓடும்."

"அது ஓடுனா, நான் எங்க போறது?"

"வீட்ல ரெஸ்ட் எடுங்க அங்கிள்."

"அதத்தானே தம்பி மூணு வருஷமா எடுத்துகினு கீறேன்."

இருந்தாலும் உட்கார்ந்தார். மேனேஜர் போனை வாய்க்கு எதிரே பிடித்தார். "கவனிக்கவும்," என்றார் நைனா. நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். விற்பனைப் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். மறுபடி, "கவனிக்கவும்." அதற்கு மேல் வரவில்லை. ஆயிரம் பேர் சத்தத்துக்கு நடுவில் தடுக்காத நாக்கு அது.

"யாரத் தேடறோம்னு சொல்லு தம்பி, பேசறேன்," என்றார்.

மேனேஜர் போனைக் கீழே இறக்கினார். நைனா மைக்கின் சுவிட்சை அணைத்து, ஒயரைச் சுற்றி, மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வாசலில் கூட்டம் மிதித்துத் தள்ளிவிட்டுப் போன தன் செருப்பைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவரிடம் போன் இல்லாததால் அன்றைய கூலியை மேனேஜர் என் போனுக்குப் போட்டுவிட்டார். அடுத்த நாள் கொடுக்கலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் மூன்று கிரைண்டர் வந்துவிட்டது. புதுக் கடை வந்தும் எனக்கு வேலை குறையவில்லை, நான்தான் வீணாகப் பயந்திருக்கிறேன். நாலாம் நாள் அவர் ரூமுக்குப் போனால் காலி. துணிப்பையோடு போனார், எங்கே என்று சொல்லவில்லை என்றார் வீட்டுச் சொந்தக்காரர்.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன். டைம் கீப்பர் பேனாவை எடுத்தார். "பேரு சொல்லுய்யா, பள்ளிப்பட்டு, அரக்கோணம் வண்டிங்கள்ல கேக்கச் சொல்றேன்."

"மைக் நைனா."

"அது ஊருக்கே தெரியும். பேரு?"

தெரியவில்லை.

"சொந்த ஊரு? வயசு? அடையாளம்?"

மச்சம் இருந்ததா, பல் விழுந்திருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்த மனுஷன். குரல் மட்டும் காதுக்குள் கிடக்கிறது. அதை எழுதிக்கொள்ள டைம் கீப்பர் நோட்டில் இடம் இல்லை.

நைனா, யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் போனில் அனுப்ப மாட்டேன். நேரில்தான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், வந்தால் சாயங்காலம் வரைக்கும் உட்காரவும் வேண்டும். நான் உங்களுக்குத் தரவேண்டியது எழுநூறு ரூபாய்.